வடசென்னைத் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது? காந்த முரண்களைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

பரங்கிமலைக்கும் பல்லாவரத்துக்கும் போனால் சார்னோகைட் பாறையைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். உலகப் புவியியலில் அந்தப் பாறைக்கு மாதிரி இடமாகச் சொல்லப்படுவதே அந்தப் பகுதிதான். வடசென்னையில் அந்த வசதி கிடையாது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று எங்கே தோண்டினாலும் முதலில் வருவது மணலும் களிமண்ணும் கொசஸ்தலை ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலும்தான். அடிப்பாறை எல்லாவற்றுக்கும் கீழே மறைந்திருக்கிறது. ஆழ்துளை போட்டால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் விவரம் தெரியும். பரப்பு முழுவதும் தெரிய வேண்டுமானால் பாறையின் காந்தத்தை மேலிருந்தே அளக்க வேண்டும்.

புவியியல், இயற்பியல் படிக்கும் மாணவர்களையும், பள்ளி இயற்பியலை மறக்காத ஆர்வலர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எல்லாப் படிகளையும் விட முக்கியமான ஒரு செய்தி இதில் உண்டு: ஐரோப்பிய, அமெரிக்கப் பாடப்புத்தகப் படங்களை அப்படியே பார்த்துச் சென்னையின் காந்த வரைபடத்தைப் படித்தால் பாறையைத் தவறான இடத்தில் தேடுவீர்கள். காரணம் நான்காம் படியில் வருகிறது. அவசரம் என்றால் நேராக அங்கே போய்விடுங்கள்.

படி 1: அளந்த எண்ணில் யார் யார் பங்கு எவ்வளவு

சென்னையில் புவிகாந்தப் புலத்தின் மொத்த வலிமை சுமார் 41,500 நானோடெஸ்லா. இந்த எண்ணில் மூன்று பங்காளிகள் இருக்கிறார்கள்.

பெரும்பங்கு 2,900 கிலோமீட்டருக்குக் கீழே தொடங்கும் வெளிக்கருவிலிருந்து வருகிறது. அங்கே உருகிய இரும்பு ஓடுவதால் மின்னோட்டமும், அதனால் காந்தப்புலமும் பிறக்கின்றன. இரண்டாவது பங்கு மேலே வானத்திலிருந்து வருவது. சூரிய ஒளியால் அயனி மண்டலத்தில் ஓடும் மின்னோட்டங்கள் பகலில் சில பத்து நானோடெஸ்லா வரை ஏற்றி இறக்கும். காந்தப் புயல் அடித்தால் அது நூற்றுக்கணக்கில் போகும். 2024 மே 10, 11 தேதிகளில் வந்த புயல் அப்படிப்பட்டது. மூன்றாவது பங்குதான் நாம் தேடுவது: புவியோட்டுப் பாறைகளின் பங்கு. சில நானோடெஸ்லாவிலிருந்து சில நூறு வரை, அபூர்வமாக ஆயிரங்களில் இருக்கும்.

முதல் இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதே காந்த முரண். மொத்தத்தில் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஒன்றைத் தேடுகிறோம் என்பதை ஒவ்வொரு படியிலும் நினைவில் வையுங்கள்.

படி 2: தரவு எங்கே கிடைக்கும், எங்கே அளக்கலாம்

கருவி இல்லையென்றால் கவலை வேண்டாம். இமாக்-2 என்ற உலகளாவிய காந்த முரண் கட்டத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதன் கட்ட இடைவெளி 2 பாகை-நிமிடம், அதாவது ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். வியாசர்பாடிக்கும் ராயபுரத்துக்கும் நடுவே உள்ள வேறுபாட்டைக் கேட்டால் அது பதில் சொல்லாது. சென்னை முதல் நெல்லூர் வரை உள்ள பெரிய அமைப்புகளைப் பார்க்க அது போதும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்திலும் புவி இயற்பியல் தரவுகளைத் தேடிப் பாருங்கள். கணக்குப் போட பைத்தான் மொழியும் ஹார்மோனிகா என்ற இலவச நிரல் நூலகமும், வரைபடத்துக்கு கியூஜிஸ் மென்பொருளும் போதும்.

கைப்பேசியில் உள்ள காந்த உணரியைப் பற்றி மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். அது மைக்ரோடெஸ்லாவில் (ஆயிரம் நானோடெஸ்லா) காட்டும். சென்னையில் 41, 42 என்று வர வேண்டும். காசிமேட்டில் இரும்புப் படகு ஒன்றின் பக்கத்தில் நடந்தால் எண் எகிறுவதைப் பார்க்கலாம். புலம், திசை, தூரம் ஆகியவை மனதில் பதிய அது நல்ல பயிற்சி. ஆனால் அந்த உணரியின் இரைச்சலே நூறு நானோடெஸ்லா அளவுக்கு இருக்கும். அடிப்பாறை அதற்குள் மூழ்கிவிடும்.

கல்லூரியில் புரோட்டான் மேக்னடோமீட்டர் இருந்தால் களத்துக்குப் போகலாம். ஹைட்ரஜன் கருக்கள் புலத்தைச் சுற்றித் தள்ளாடும் அதிர்வெண்ணை அது அளக்கிறது. சென்னையில் அது வினாடிக்கு சுமார் 1,767 சுற்று வரும்.

வடசென்னையில் அளப்பது கடினம் என்பதை ஒளிக்க முடியாது. கன்டெய்னர் லாரிகள், மணலியின் குழாய்கள், தண்டவாளம், மெட்ரோவின் தூண்களுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி என்று எல்லாமே காந்தம்தான். ஒரு கார் பத்து மீட்டர் தள்ளி நின்றாலே சில பத்து நானோடெஸ்லா காட்டும். ரயில் என்றால் நூறு மீட்டருக்கு மேலாவது விலகுங்கள். நேர்மின்னோட்டத்தில் ஓடும் வண்டிகள் இன்னும் மோசம். மும்பையில் டிராம்களை மின்மயமாக்கத் திட்டம் வந்தபோது கொலாபாவின் காந்த ஆய்வகத்தையே அலிபாகுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அங்கே 1904 முதல் அளவீடு நடக்கிறது. சென்னையில் மின்சார டிராம் 1895-லேயே வந்துவிட்டது. இப்போதைய புறநகர் ரயிலும் மெட்ரோவும் 25 கிலோவோல்ட் மாறுமின்னோட்டத்தில் ஓடுவதால் அந்த விதத்தில் தொல்லை குறைவு. ஆனாலும் பெட்டிகளின் இரும்பு இருக்கத்தானே செய்கிறது.

ஆகவே பழவேற்காடு பக்கத்துத் திறந்தவெளிகளைத் தேர்ந்தெடுங்கள். துறைமுகம், அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை ஆகியவற்றின் அருகே எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கருவியோடு நிற்கக்கூடாது. ஊர் மீனவர்களிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். எந்த இடத்தில் பழைய இரும்பு புதைந்து கிடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அளவைக் கோடுகளை வடக்கு-தெற்காகப் போடுங்கள். நம் அட்சரேகையில் முரண்களின் ஏற்ற இறக்கம் அந்தத் திசையில்தான் தெளிவாக விரியும். எவ்வளவு ஆழத்தில் உள்ளதைத் தேடுகிறீர்களோ, கோடுகளுக்கு நடுவே அந்தத் தூரத்துக்கு மேல் விடாதீர்கள். புள்ளிகள் அதில் பாதி இடைவெளியிலாவது இருக்கட்டும்.

படி 3: கழிக்க வேண்டியதைக் கழிப்பது

இரண்டாவது கருவி ஒன்றை ஒரே இடத்தில் நாள் முழுக்க ஓட விடுங்கள். அது காட்டும் ஏற்ற இறக்கம் வானத்தின் பங்கு. நேரத்தைப் பொருத்தி அதைக் கழிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தட்டிக்கழிக்கவே கூடாது. புலம் முழுக்கப் படுத்திருக்கும் காந்த நடுக்கோடு நம் மாநிலத்தின் தென்கோடி வழியாகப் போகிறது. அதன் மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் ஓடும் மின்தாரை, திருநெல்வேலியில் மிக வலுவாகத் தெரியும். சென்னை அதன் வடக்கு விளிம்பை ஒட்டி இருப்பதால் தாக்கம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இரண்டாவது கருவி கிடைக்காவிட்டால் ஒரே புள்ளிக்கு அரைமணிக்கு ஒருமுறை திரும்பி வந்து அளந்து கொள்ளுங்கள். புயல் நாளில் வேலையை நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் கருவின் பங்கு. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் சர்வதேசப் புவிகாந்தக் குறிப்பு மாதிரியை எடுத்து, உங்கள் இடத்துக்கும் தேதிக்கும் உரிய மதிப்பைக் கழியுங்கள். சிறிய பரப்பில் இது சாய்ந்த ஒரு தளம் போலத்தான் இருக்கும்.

படி 4: பாறை பள்ளத்தில் இருக்கிறது

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம்.

பாறையில் உள்ள மாக்னடைட் என்ற இரும்புக் கனிமம், புவிப்புலத்தால் காந்தமேறி, அந்தப் புலத்தின் திசையிலேயே ஒரு சிறிய காந்த இருமுனையாக நிற்கும். துருவத்துக்குப் பக்கத்தில் புலம் செங்குத்தாக இறங்குகிறது. அங்கே பாறைக்கு நேர் மேலே நின்றால் பாறையின் புலமும் புவியின் புலமும் ஒரே திசையில் சேரும், மதிப்பு ஏறும். அதனால்தான் ஐரோப்பிய, அமெரிக்கப் புத்தகங்களின் வரைபடங்களில் மேடு (உயர்ந்த மதிப்பு) தெரிந்தால் அதன் கீழே பாறை.

சென்னையில் காந்தச் சரிவு, அதாவது புலம் கிடைமட்டத்திலிருந்து கீழே சாயும் கோணம், பத்துப் பதினைந்து டிகிரி அளவுதான். புலம் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் வடக்கே போகிறது. பாறையும் படுத்த வாக்கில்தான் காந்தமேறுகிறது. படுத்திருக்கும் இருமுனைக்கு நேர் மேலே அதன் புலக்கோடுகள் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பி வரும். புவிப்புலத்துக்கு அது எதிர்த்திசை. ஆகவே பாறைக்கு மேலே மதிப்பு இறங்குகிறது.

கணக்காகவே பார்த்துவிடலாம். 100 மீட்டர் ஆரமுள்ள உருண்டை வடிவப் பாறை, மையம் 200 மீட்டர் ஆழத்தில். காந்த ஏற்புத்திறன் (புலத்தில் பாறை எவ்வளவு எளிதாகக் காந்தமேறும் என்ற எண்) 0.03, பாறையில் ஒரு சதவீதம் மாக்னடைட் இருந்தால் ஏறக்குறைய அவ்வளவு வரும். புலம் படுத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் நேர் மேலே வரும் முரண்: ஏற்புத்திறனைப் புலத்தால் பெருக்கி, மூன்றால் வகுத்து, ஆரத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள விகிதத்தின் மும்மடியால் பெருக்க வேண்டும். 0.03 × 41,500 ÷ 3 = 415. அதை எட்டால் வகுத்தால் 52. அதாவது 52 நானோடெஸ்லா பள்ளம். இதே பாறையை, இதே வலிமையுள்ள ஆனால் செங்குத்தான புலத்தில் வைத்தால் 104 நானோடெஸ்லா மேடு கிடைத்திருக்கும். குறி மாறியதோடு அளவும் பாதியாகிவிட்டது. மையம் 400 மீட்டருக்குப் போனால் நம் பள்ளம் ஆறரை நானோடெஸ்லாவாகச் சுருங்கிவிடும். முன் சொன்ன லாரிகளிடமிருந்து ஏன் விலக வேண்டும் என்பது இந்த எண்ணைப் பார்த்தால் புரியும்.

பள்ளத்தின் வடக்கிலும் தெற்கிலும் சிறிய மேடுகள் நிற்கும். புலம் முழுக்கப் படுத்திருந்தால் அவை பாறையின் இருபுறமும் ஆழத்தைப் போல 1.2 மடங்கு தூரத்தில், பள்ளத்தின் ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் சமமாக வரும். சென்னையில் சற்றே சரிவு இருப்பதால் தெற்கு மேடு வடக்கு மேட்டைவிட உயரமாகும். பள்ளமும் கொஞ்சம் வடக்கே நகரும். ஆகவே துல்லியமாகச் சொன்னால், பள்ளத்தின் ஆழமான புள்ளிக்குச் சற்றுத் தெற்கே பாறையின் மையம் இருக்கும்.

இன்னொரு சிக்கல் உண்டு. வடசென்னைக்கு இதுவே பெரியது என்று நினைக்கிறேன். வடக்கு-தெற்காக நீளும் ஒரு பாறைச் சுவர் நீளவாக்கில்தான் காந்தமேறும். அதன் இரு முனைகளில் தவிர நடுவில் முரண் அநேகமாகத் தெரியாது. நம் கடற்கரை ஏறக்குறைய வடக்கு-தெற்காக ஓடுகிறது. இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்து சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரியத் தொடங்கியபோது உருவான பிளவுகளில் பல கரைக்கு இணையானவை. அதாவது நாம் மிகவும் பார்க்க விரும்பும் அமைப்புகளே காந்தத்துக்குப் பிடிபடாத திசையில் கிடக்கின்றன. வரைபடத்தில் கிழக்கு-மேற்குக் கோடுகள் எடுப்பாகத் தெரிந்தால், அந்த ஊர்ப் பாறைகள் எல்லாம் கிழக்கு-மேற்காகத்தான் இருக்கின்றன என்று முடிவு கட்டாதீர்கள்.

தரவைத் துருவத்துக்கு மாற்றும் கணித உத்தி ஒன்று மென்பொருளில் இருக்கும். முரணை மேடாக்கிப் பாறைக்கு நேர் மேலே கொண்டுவந்து வைக்கும். காந்தச் சரிவு குறைந்த இடங்களில் அது நிலைகுலைந்து, இரைச்சலை வடக்கு-தெற்குக் கோடுகளாக ஊதிப் பெருக்கிவிடும். அழகான படம் வந்தாலும் நம்ப வேண்டாம். நடுக்கோட்டுக்கு மாற்றும் உத்தியைப் பயன்படுத்துங்கள்: சரிவைப் பூஜ்ஜியமாக்கினால் பள்ளம் நேராகப் பாறைக்கு மேல் வந்து உட்காரும். கூடவே முரண் மூன்று திசைகளிலும் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைச் சேர்த்துக் கணக்கிடும் பகுப்பாய்வுச் சைகையையும் வரைந்து பாருங்கள். அது பாறையின் ஓரங்களில் மேடாக வரும், காந்தமேற்றத் திசையை அவ்வளவாகச் சார்ந்திராது. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் தைரியமாகக் குறிக்கலாம்.

படி 5: மேலோட்டமானதையும் ஆழமானதையும் பிரித்தல்

அகலமான முரண் ஆழத்திலிருந்தும் வரலாம், பரந்து விரிந்த ஆழமற்ற பாறையிலிருந்தும் வரலாம். குறுகலான முரண் மட்டும் கட்டாயம் மேலோட்டமானது. மேல்நோக்கித் தொடர்தல் என்ற கணக்கு, தரையில் அளந்ததை ஒரு கிலோமீட்டர் உயரத்தில் அளந்திருந்தால் எப்படி இருக்கும் என்று மாற்றிக் காட்டும். மொட்டை மாடிக்கு ஏறினால் தெருப் பேச்சு அடங்கித் தூரத்து ரயில் மட்டும் கேட்பது மாதிரி, மேலோட்டமானவை மங்கி ஆழமானவை மிஞ்சும்.

வடசென்னையில் மேலோட்டமான சத்தத்துக்கு இரண்டு தனிக் காரணங்கள் உண்டு. ஒன்று, அலை ஒதுக்கும் கறுப்பு மணல். ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி அதில் தடவிப் பாருங்கள். மாக்னடைட் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்திருக்கும் நிலக்கரிச் சாம்பல். நிலக்கரியில் உள்ள இரும்புக் கனிமங்கள் உலையில் எரிந்து நுண்ணிய காந்த உருண்டைகளாக மாறுகின்றன. அந்தச் சேற்றின் மேல் வரும் முரணைப் பாறை என்று வாசித்தால் மொத்த விளக்கமும் பிசகிவிடும். அதே காரணத்தால், சாம்பல் எதுவரை பரவியிருக்கிறது என்று வரைய காந்த ஏற்புத்திறன் அளவி நல்ல கருவி. அந்த நிலத்திலும் நீரிலும் வாழ்கிற மக்களுக்கு, அடிப்பாறையின் ஆழத்தைவிட அந்த வரைபடம் உடனடியாகப் பயன்படும். மாணவர்கள் யாராவது எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

படி 6: ஆழம்

படி 4-இன் கணக்கிலிருந்தே ஓர் எளிய விதி கிடைக்கிறது. நடுக்கோட்டுக்கு மாற்றிய வடக்கு-தெற்குக் கோட்டில், பள்ளத்தின் இருபுறமும் முரண் பூஜ்ஜியத்தைத் தொடும் புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து 0.7-ஆல் பெருக்குங்கள். உருண்டை போன்ற பாறைக்கு மையத்தின் ஆழம் அதுதான். 280 மீட்டர் வந்தால் ஆழம் ஏறக்குறைய 200 மீட்டர்.

ஆய்லர் முறை இதைப் பரப்பு முழுவதும் தானாகச் செய்யும். ஆனால் அதற்கு வடிவ எண்ணை நீங்கள்தான் சொல்ல வேண்டும்: பாறை எல்லைக்கு 0, சுவருக்கு 1, குழாய்க்கு 2, உருண்டைக்கு 3. தவறான எண்ணைக் கொடுத்தால் தவறான ஆழத்தை உறுதியான முகத்தோடு தந்துவிடும். ஒவ்வொரு எண்ணையும் போட்டுப் பாருங்கள். ஆழப் புள்ளிகள் எதில் நெருக்கமாகக் கூடுகின்றனவோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

பல பாறைகளின் சராசரி ஆழத்துக்கு நிறமாலை முறை. முரண் வரைபடத்தின் ஆற்றல் நிறமாலையை (எந்த அலைநீளத்தில் எவ்வளவு வலிமை என்பதை) இயல் மடக்கையில் வரைந்தால் நேர்கோட்டுத் துண்டுகள் தெரியும். கிலோமீட்டருக்கு எத்தனை அலை என்ற அளவில் வரைந்திருந்தால், கோட்டின் சாய்வை 4π-ஆல் வகுத்தால் ஆழம்.

படி 7: பாறையின் பெயரைச் சொல்வது

ஒரே முரணை எண்ணற்ற பாறை அமைப்புகளால் உண்டாக்க முடியும். மேலே உள்ள வலுவற்ற பெரிய பாறையும் கீழே உள்ள வலுவான சிறிய பாறையும் ஒன்றுபோலத் தெரியலாம். இது கருவியின் குறை கிடையாது, புலங்களின் இயல்பு. அதனால் காந்தத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். பரங்கிமலைச் சார்னோகைட்டின் ஏற்புத்திறனை நேரில் அளந்து வாருங்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கோண்டுவானா என்ற பழைய படிவுப் பாறைகளில் மாக்னடைட் மிகக் குறைவு, காந்தத்துக்கு அவை ஏறக்குறையக் கண்ணாடி. ஈர்ப்பு அளவீடும் ஆழ்துளைக் கிணற்றுப் பதிவுகளும் கிடைத்தால் சேர்த்து வையுங்கள். பாறை பிறந்தபோதே உறைந்த பழைய காந்தம் வேறு திசையில் இருந்தால் படி 4-இன் குறி விதியும் மாறும். பள்ளம் வர வேண்டிய இடத்தில் மேடு வந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

முடிவை எழுதும்போது ஒற்றை எண்ணாக எழுதாமல் வீச்சாக எழுதுங்கள். "180 முதல் 260 மீட்டர், உருண்டை வடிவம் என்ற ஊகத்தில்" என்பதே நேர்மையான முடிவு.

படி 8: இன்னும் கீழே

மாக்னடைட் 580 டிகிரி செல்சியஸில் காந்தத்தை இழக்கும். தரையில் 30 டிகிரி என்று வைத்து, கிலோமீட்டருக்கு 25 டிகிரி ஏறினால் 22 கிலோமீட்டரில் அந்த எல்லை வரும். 15 டிகிரிதான் ஏறுகிறது என்றால் சுமார் 37. அந்த எல்லைக்குக் கீழே எந்தப் பாறையும் நமக்கு முரண் தராது. எனவே முரணின் அடித்தளத்தைக் கண்டுபிடித்தால் அது ஒரு வெப்பமானி: எல்லை மேலே இருந்தால் கீழே சூடு அதிகம். நிறமாலை முறையால்தான் இதைச் செய்கிறார்கள். ஆனால் பார்க்க விரும்பும் ஆழத்தைப் போலப் பல மடங்கு அகலமான வரைபடம் வேண்டும். வடசென்னையின் இருபது கிலோமீட்டர் போதாது. இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்கு இமாக்-2 தரவை எடுங்கள்.

கிழக்கே கடலுக்குள் போனால் கதை வேறு. 1963-இல் வைன், மேத்யூஸ் என்ற புவியியலாளர்கள் விளக்கியபடி, விரிகிற கடல்தரை துருவப் புரட்டல்களை (வட, தென் காந்தத் துருவங்கள் இடம் மாறுவதை) வரிவரியாகப் பதிந்து வைத்திருக்கிறது. வங்காள விரிகுடாவில் அந்த வரிகளைப் படிப்பது சிரமம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 8.3 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை துருவங்கள் புரளாத நீண்ட காலம் ஒன்று இருந்தது. அப்போது பிறந்த தரையில் வரிகளே கிடையாது. அதன் மேல் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய வண்டல் கிலோமீட்டர் கணக்கில் கிடக்கிறது.

கருவைப் பார்க்க முரண் வரைபடம் உதவாது. படி 3-இல் கழித்துப் போட்டோமே, அந்தக் குறிப்பு மாதிரிதான் உதவும். இணையத்தில் அதற்கான கணிப்பான்கள் உள்ளன. வடக்கு 13.1, கிழக்கு 80.3 என்று ராயபுரத்தின் இருப்பிடத்தைக் கொடுங்கள். 1900 முதல் 2025 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை மொத்தப் புலம், காந்த ஒதுக்கம் (காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து விலகும் கோணம்), காந்தச் சரிவு மூன்றையும் எடுத்து வரைபடமாக்குங்கள். ராயபுரத்தின் பாறை அந்தக் காலத்தில் நகரவில்லை. அந்தக் கோடுகளில் தெரியும் மாற்றம் 2,900 கிலோமீட்டருக்குக் கீழே ஓடும் இரும்பினுடையது. காந்தச் சரிவு மாறியிருப்பதால் படி 4-இல் பள்ளம் வடக்கே நகரும் தூரமும் மாறும். பழைய அளவைத் தரவை எடுத்துப் படிப்பவர்கள் அந்த ஆண்டின் சரிவையே பயன்படுத்த வேண்டும்.